பூட்டிய பெட்டியும் பொருளின் விலையும்

பொருளின் விலையானது அதனைச் செய்தற்காகும் செலவினால் அமைவதோ, அன்றி அதனைக் கொள்வோன் உள்ளத்தெழும் வேட்கையினால் அமைவதோ என்னும் வினா, பொருளாதார நூல் பயில்வோர் அனைவரும் முதலாண்டிலேயே எதிர்ப்படும் பழைய வினாவாகும். பல்லாண்டுகளாக இதனை வகுப்பிலே எடுத்துரைத்து வரும் நாம், கரும்பலகையில் இரண்டு கோடுகளை வரைந்து, அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தைச் சுட்டி, கையிலொட்டிய சுண்ணப் பொடியைத் தட்டிவிட்டு வெளிவருதல் வழக்கம். அவ்வழக்கத்திற்குச் சென்ற ஆண்டில் ஓர் இடையூறு நேர்ந்தது. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அமெரிக்க நாட்டிலே ஒரு கம்பெனியார் மின்சார மோட்டார் வண்டி விற்றார்களாம். வண்டியின் அடியில் இருந்த மின்கலப் பெட்டி 75 அளவுள்ளது. விலை கொடுத்தவர் பயன்படுத்தக் கூடியதோ 60 அளவுதான். எஞ்சிய 15 வண்டியிலேயே பூட்டப்பட்டுக் கிடக்குமாம். இந்த விலை எந்தக் கோட்டில் விழும்?” என்று வினவினான்.

வகுப்பு நகைத்தது. நாமும் உடன் நகைத்து, “நாளைக்குச் சொல்வோம், தம்பி” என்று கூறி அன்று தப்பினோம். மறுநாள் சொன்ன விடையோ அவனுக்கும் நிறைவு தரவில்லை. நமக்கும் நிறைவு தரவில்லை. பின்னும் பல நாள் அதனைப் பற்றி எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், விஷயம் இன்னதென விளங்கவேண்டும். பெட்ரோல் வண்டியிலே எண்ணெய்த் தொட்டி என்பது வெறுங்கலம். அதனைச் சிறிது பெரிதாக்கிச் செய்தால் கூடும் செலவு மிகச் சிறிது. ஆதலின் தொட்டியின் கொள்ளளவை வைத்து வண்டிக்கு விலை கூறுவார் எவருமிலர். மின்சார வண்டியின் நிலைமை வேறு. அங்கே தொட்டிதான் விலையுயர்ந்த உறுப்பு. நம் வீட்டு மின்சாரக் கணக்கில் ஒரு ‘யூனிட்’ என்று எழுதப்படுவதே ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் அடுப்பொன்று ஒரு மணி நேரம் எரிதற்கு வேண்டிய ஆற்றல் அது. வண்டியின் பெட்டி இத்தகைய யூனிட்டுகள் எத்தனையைக் கொள்ளும் என்பதே அதன் அளவாம். 2010 ஆம் ஆண்டளவில் ஒரு யூனிட் கொள்ளத்தக்க பெட்டிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2024 இல் அது சராசரி 115 டாலராகக் குறைந்ததென ப்ளூம்பர்க் நிறுவனத்தின் எரிசக்தி ஆய்வாளர் கணக்கிட்டனர். இவ்வளவு விலையுள்ள உறுப்பாதலின், அதனைப் பெரிதும் சிறிதுமாகச் செய்து, வெவ்வேறு விலை வைத்து விற்கும் எண்ணம் வணிகர்க்கு எழுதல் இயல்பேயாம்.

இவ்வெண்ணம் புதியதுமன்று. 1907 ஆம் ஆண்டு முதல் 1939 வரை மின்சார வண்டிகளைச் செய்து விற்ற டிட்ராயிட் எலெக்ட்ரிக் என்னும் கம்பெனியார், 1911 முதல் தம் வண்டிகளில் சாதாரண ஈய மின்கலத்திற்குப் பதிலாக எடிசன் கண்ட நிக்கல்-இரும்பு மின்கலம் வேண்டுவோர் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பெறலாம் என்று அறிவித்தனர். அக்காலத்தில் அஃதொரு பெருந்தொகை. ஆயினும் கொடுத்தவன் தான் கொடுத்தது எதற்கென்பதைக் கண்ணாற் கண்டான். ஈயத்தகட்டிற்குப் பதில் இரும்பும் நிக்கலும் அவன் வண்டியில் ஏறின. விலையும் பொருளும் ஒன்றுக்கொன்று நேர்நின்றன. நம் மாணவன் காட்டிய வண்டியிலோ இந்த நேர்மை கலைந்து நின்றது. அது கலைந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

டெஸ்லா கம்பெனியின் தலைவராகிய எலான் மஸ்க் 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தம் திட்டத்தை வெளிப்படையாக எழுதி வெளியிட்டார். முதலில் செல்வர்க்கேற்ற விரைவு வண்டி ஒன்று செய்வது. அதனால் வரும் பணத்தைக் கொண்டு அதனினும் விலை குறைந்த வண்டியைச் செய்வது. அதனால் வருவதைக் கொண்டு இன்னும் குறைந்ததைச் செய்வது. இதுவே அத்திட்டம். அதன்படி 2008 இல் ரோட்ஸ்டர் என்னும் இருவர் வண்டி வெளிவந்தது. 2012 ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள ப்ரீமாண்ட் தொழிற்சாலையிலிருந்து மாடல் எஸ் என்னும் பெரிய வண்டி முதன்முதலாக வாங்கினோர் கையில் ஒப்படைக்கப்பட்டது.

இம்மாடல் எஸ் வண்டிக்கு மூன்று பெட்டிகள் குறிக்கப்பட்டன: 40, 60, 85 கிலோவாட் மணி. 2011 டிசம்பரில் அறிவித்த விலை முறையே 57,400, 67,400, 77,400 டாலர். அரசாங்கம் அக்காலத்தில் தந்த 7,500 டாலர் வரிச் சலுகையைக் கழிப்பதற்கு முன்னுள்ள விலை இது. மணிக்கு 55 மைல் வேகத்தில் ஓட்டினால் முறையே 160, 230, 300 மைல் செல்லும் என்றனர். படிகள் மூன்றும் பத்தாயிரம் பத்தாயிரமாகச் சமமாய் ஏறுதலைப் படிப்போர் கவனித்தல் வேண்டும். முதற் படியில் 20 யூனிட்டுக்குப் பத்தாயிரம். யூனிட்டுக்கு 500 டாலர். இரண்டாம் படியில் 25 யூனிட்டுக்குப் பத்தாயிரம். யூனிட்டுக்கு 400 டாலர். மேலே ஏற ஏற மலிவு போலத் தோன்றும். அன்றியும், விரைவில் மின்னேற்றும் நிலையங்களைப் பயன்படுத்துதற்கான கருவி 85 அளவு வண்டிக்கு உடன் வந்தது. 60 க்குத் தனி விலை. 40 க்கு அது கிடைப்பதேயில்லை. சிறிய பெட்டி வாங்கியவன் குறைந்த தூரம் செல்வது மட்டுமன்றி, நெடுவழியில் நின்று இளைப்பாறவும் இடமின்றி விடப்பட்டான். இப்படிகளில் முதலாவது, வாங்குவோனை வாயிலுக்கு அழைத்தற்கும், மூன்றாவது, உள்ளே வந்தவனிடம் விற்றற்கும் அமைந்தன என்று கூறினால் பிழையாகாது.

விளைவு அவ்வாறே ஆயிற்று. முன்பதிவு செய்தோருள் நூற்றுக்கு நால்வரே 40 அளவுள்ள வண்டியை விரும்பினர் என்று கூறி, 2013 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கம்பெனியார் அதனைக் கைவிட்டனர். முன்னமே அதற்கு ஒப்பந்தம் செய்திருந்த அச்சிலர்க்கு என் செய்வது? அவர்களுக்கென்று தனியே ஒரு சிறு பெட்டியைச் செய்தல் வீண் செலவு. ஆகவே 60 அளவுள்ள பெட்டியையே அவர்கள் வண்டியில் வைத்து, மென்பொருளினால் 40 க்கு மேல் எடுக்கவொட்டாமல் தடுத்து அனுப்பினர். வேண்டும்போது பணம் செலுத்தித் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்றும் கூறினர். பூட்டிய பெட்டியின் பிறப்பு இவ்வாறு. சூழ்ச்சியினால் அன்று, வாக்கைக் காப்பாற்றும் ஒரு நெருக்கடியினால். அவர்கள் 40 க்கு விலை கொடுத்தனர். 40 ஐப் பெற்றனர். பெரிய பெட்டிக்குரிய வேகத்தையும் உடன் பெற்றனர். இதில் குறை காண்பது அரிது.

ஆனால் நெருக்கடியிற் கண்ட வழியே பின்னர் வணிக முறையாக ஆயிற்று. 2016 ஜூன் மாதத்தில் மாடல் எஸ் 60 என்னும் பெயர் மீண்டும் விலைப் பட்டியலில் வந்தது. விலை 66,000 டாலர். இம்முறை அதனடியில் இருந்தது 75 அளவுள்ள பெட்டி. அரசாங்க அளவையின்படி 60 ஆகப் பூட்டிய வண்டி 210 மைல் செல்லும். பூட்டைத் திறந்தால் 249 மைல். வாங்கிய பின்னர்த் திறப்பதற்கு 9,000 டாலர் என்றனர். 15 யூனிட்டுக்கு 9,000. யூனிட்டுக்கு 600 டாலர். அந்தப் பதினைந்தைச் செய்தற்கான செலவு முன்னமே முடிந்துவிட்டது. பெட்டியோ வண்டியிலேயே இருக்கிறது. திறப்பதற்குத் தொழிலாளி ஒருவன் கையும் படவேண்டுவதில்லை. தொலைவிலிருந்து ஒரு கட்டளை வந்தால் போதும். நம் மாணவன் சுட்டியது இவ்வண்டியையே.

மறுநாள் வகுப்பில் நாம் அவனுக்குச் சொன்ன விடை இது: “இருவரும் மனமொத்துச் செய்த ஒப்பந்தம் நியாயமே. 60 என்று சொல்லி 60 கொடுத்தான், ஏமாற்றம் எங்கே? ஒரே பொருளை ஒருவனுக்கு ஒரு விலைக்கும் மற்றொருவனுக்கு வேறு விலைக்கும் விற்பது உலகில் எங்கும் உள்ளது. நம் கல்லூரியைப் பார். முழுச் சம்பளம் செலுத்துவோரும், அரைச் சம்பளம் செலுத்துவோரும், ஒன்றும் செலுத்தாதோரும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கேட்கின்றனர். இதனைக் குற்றம் என்பாயோ?” நல்ல உவமை கிடைத்ததென்று நாம் மகிழ்ந்திருந்தோம்.

அவன் மிக்க பணிவோடு, “ஐயா, அரைச் சம்பளம் செலுத்தும் மாணவன் முழுப் பாடத்தையும் கேட்கின்றான் அல்லவா? பாதி மணி கழிந்ததும் அவன் காதைப் பொத்துவதில்லையே?” என்றான்.

அவ்வொரு சொல் நமது உவமையைக் கவிழ்த்துவிட்டது. விலையை வேறுபடுத்துதல் ஒன்று. வேறுபடுத்தும் பொருட்டுப் பொருளையே குறைப்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஒன்றென மயங்கினோம். பொருளாதார நூலிலே இவ்வேற்றுமையைத் தெளிவாகக் கண்டவர் பிரான்சு தேசத்து எஞ்சினியராகிய ஜூல் ட்யூபுயி என்பவர். 1849 ஆம் ஆண்டில் புகைவண்டிக் கட்டணங்களைப் பற்றி எழுதுகையில், மூன்றாம் வகுப்பு வண்டிகளுக்கு மேற்கூரை இல்லாமைக்குக் காரணம் கூரையின் செலவன்று என்று அவர் காட்டினார். இரண்டாம் வகுப்புக்குப் பணம் செலுத்த வல்லவன் மூன்றாம் வகுப்பில் ஏறாதவாறு அச்சுறுத்துவதே அதன் நோக்கம். ஏழையை வருத்தவேண்டும் என்பது எவர் கருத்துமன்று. செல்வன் கீழே இறங்கிவிடாமற் காப்பதற்காக ஏழை மழையில் நனைகின்றான். பூட்டிய பதினைந்து யூனிட்டும் ஒருவகையில் அக்கூரையில்லா வண்டியேயன்றோ? அன்று கூரையைப் போடாமல் விட்டனர். இன்று போட்ட கூரையைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கின்றனர்.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் நடுவுநிலைமையாகாது. பூட்டிய பெட்டிக்காகவும் சொல்லத்தக்கன சில உள. இருவகைப் பெட்டிகளைச் செய்வதினும் ஒருவகையையே பெருந்தொகையாகச் செய்வது தொழிற்சாலைக்கு எளிது. அதனால் மொத்தச் செலவு குறைதலும் கூடும். பூட்டு இல்லையேல் அவ்வண்டியின் விலை 66,000 ஆக இராது. முழுப் பெட்டியின் விலையாகவே இருந்திருக்கும். அத்தொகை இல்லாதவன் வாயிலிலேயே நின்றிருப்பான். இன்று பணமில்லாதவன் நாளை வந்தபோது, வண்டியை மாற்றாமலே தன் பங்கைப் பெறலாம். மேலும், லித்தியம் மின்கலத்தை நாள்தோறும் விளிம்பு வரை நிரப்பினால் அது விரைவில் தளர்வது இயல்பு. மேற்பகுதி பூட்டப்பட்ட பெட்டியை முற்றும் நிரப்பினாலும் உண்மையில் அது விளிம்பை எட்டாதாதலின், அப்பெட்டி அதிக நாள் உழைத்தல் கூடும். இவையனைத்தும் மெய்யே. இவற்றிற்கு எதிராக, தனக்குப் பயன்படாத மின்கலத்தின் சுமையை வண்டிக்காரன் நாள்தோறும் இழுத்துச் செல்கிறான் என்பதையும், அச்சுமையை இழுக்கும் மின்சாரத்திற்கு அவனே பணம் செலுத்துகிறான் என்பதையும் தராசில் வைத்தல் வேண்டும்.

வேறுவழி இல்லாமலுமில்லை. ஜெர்மனியில் போர்ஷே கம்பெனியார் 2019 இல் வெளியிட்ட டைகான் என்னும் உயர்தர வண்டியின் 4எஸ் வகைக்கு இரண்டு பெட்டிகளை வைத்தனர். ஒன்று 79.2 கிலோவாட் மணி, மற்றொன்று 93.4. சிறியதில் 28 அடுக்குகள், பெரியதில் 33. சிறிய பெட்டியை வாங்கியவன் ஐந்து அடுக்குகளின் சுமையையும் விட்டொழித்தான். இங்கும் கூடுதல் விலையில் வணிகனுக்கு ஆதாயம் உண்டு என்பதில் ஐயமில்லை. விலையுயர்ந்த வண்டியை வாங்குவோன் மேற்படியை நாடுவான் என்பதை எக்கம்பெனியும் அறியும். ஆனால் குறைந்த விலைக்குக் குறைந்த பொருள் என்னும் பழைய நேர்மை இங்கே கலையாமல் நிற்கின்றது. டிட்ராயிட் வண்டிக்காரன் இதனைக் கண்டால் உடனே விளங்கிக்கொள்வான்.

இவ்வாறு இருபுறமும் எண்ணித் தராசு அசையாது நின்றபோது, அதனை ஒருபுறம் சாய்த்த நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி அறிந்தோம். 2017 செப்டம்பரில் இர்மா என்னும் பெரும்புயல் அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள புளோரிடாவை நோக்கி வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். சாலைகள் நெருங்கின, வழிநெடுகப் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. பூட்டிய பெட்டியுடைய மின்சார வண்டிக்காரரும் அக்கூட்டத்தில் இருந்தனர். வண்டிக்காரர் ஒருவர் கம்பெனியை நாடி, ஓடிப்பிழைக்கக் கூடுதல் தூரம் வேண்டுமென்றார். கம்பெனியார் அவருக்கு மட்டுமன்றி, புயலின் வழியிலிருந்த அத்தகைய வண்டிகள் யாவற்றிற்கும் தொலைவிலிருந்தே பூட்டைத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 30 முதல் 40 மைல் கூடுதலாகக் கிடைத்தது. செப்டம்பர் 16 வரை அது திறந்திருக்கும் என்றும், பின்னர் பழையபடி ஆகும் என்றும் அறிவித்தனர்.

இச்செய்தியைப் படித்தபோது நம் உள்ளத்தில் இருவேறு உணர்ச்சிகள் ஒருங்கே எழுந்தன. முதலாவது நன்றியுணர்ச்சி. அது நற்செயல், அதனை அவ்வாறன்றி வேறு பெயரால் அழைத்தல் தகாது. எவரும் கட்டாயப்படுத்தாமலே, விலை கேளாமலே செய்தனர். வேதாகமத்திலே, அறுவடை செய்வோன் தன் வயலின் ஓரங்களை ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் விட்டுவிடவேண்டும் என்னும் கட்டளையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். அவ்வோரத்தை ஒரு வார காலத்திற்கு அவர்கள் விட்டுக்கொடுத்தனர். இரண்டாவது, அச்ச உணர்ச்சி. புயலுக்கு அஞ்சி ஓடுவோன், தன் வண்டியிலேயே இருக்கும் மின்சாரத்திற்காக, தான் காணாத ஒருவர் கருணையை எதிர்நோக்கும் நிலைமை எத்தகையது? இம்முறை திறந்தனர். திறக்க மறுத்திருந்தால்? கேட்கத் தெரியாதவன் எத்தனை பேர்? கருணையினாற் கிடைப்பது கருணையாகவே நிற்கும்; உரிமையாகாது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே கம்பெனியார், வாங்குவோரிற் பெரும்பாலோர் முடிவில் 75 க்கு நிகரானதையே கொள்கின்றனர் என்று கூறி 60 அளவுள்ள வண்டியை விற்பனையிலிருந்து நீக்கியிருந்தனர். ஆயினும் முன்னர் விற்ற பூட்டுகள் சாலையிலே ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது நாம் கொண்ட முடிவைக் கூறுவோம். உயர்ந்த விலை வைப்பது குற்றமன்று. பணமுடையோன் கொடுக்கும் மிகுதியினால் பின்வருவோனுக்கு வண்டி மலிவாகுமாயின் அது நன்மையே; 2006 இல் எழுதிய அத்திட்டத்தின் சாரமும் அதுவே. பல அளவு வைப்பதும் குற்றமன்று; நாள்தோறும் முப்பது மைல் செல்வோன் முந்நூறு மைலுக்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒரு பொருளைச் செய்து முடித்து, ஒருவன் கையில் ஒப்படைத்து, அதன் சுமையையும் அவன் தோளில் ஏற்றியபின், அதன் பயனை மட்டும் பிடித்து வைப்போன் மூன்று கடன்களை மேற்கொள்கின்றான். பெட்டியின் உண்மை அளவு இது, நீ பயன்படுத்தும் அளவு இது என்று விற்கும்போதே வெளிப்படக் கூறுதல் முதற்கடன். திறப்பதற்குக் கேட்கும் விலை, முதலிலேயே பெரியதை வாங்கியவன் கொடுத்ததினும் மிகாதிருத்தல் இரண்டாங்கடன். உயிருக்கு இடர் வருங்காலத்தில் எவரும் கேட்குமுன்னே பூட்டு திறந்துகொள்ளும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தல் மூன்றாங்கடன். புளோரிடாவில் அருளாகச் செய்தது, பிறிதோரிடத்தில் விதியாக நிற்றல் வேண்டும்.

இவற்றை நாம் வகுப்பில் மீண்டும் எடுத்துக் கூறினோம். முதல் நாள் சொன்ன விடை குறையுடையது என்பதையும் மாணவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டோம். வினா எழுப்பிய மாணவன் சிறிது நேரம் எண்ணியிருந்து, “அப்படியானால் ஐயா, இவ்விலை எந்தக் கோட்டில் விழும்?” என்று பழைய கேள்வியையே மீண்டும் கேட்டான். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தோம். நாம் வரைந்த கோடுகள் இரண்டும் அங்கேயே இருந்தன. வாங்குவோன் எவ்வளவு கொடுப்பான் என்பதை ஒன்று காட்டும். விற்போன் எவ்வளவுக்குக் கொடுப்பான் என்பதை மற்றொன்று காட்டும். எவ்வளவு கேட்டல் தகும் என்பதைக் காட்டும் கோடு அதில் இல்லை. அதனை வேறிடத்திலிருந்தே கொண்டுவருதல் வேண்டும் என்று அவனுக்குச் சொன்னோம்.

இக்கல்லூரியிலிருந்து வெளிச்செல்லும் மாணவருள் சிலர் இத்தகைய வண்டிகளைச் செய்யும் எஞ்சினியர்களாகவும், சிலர் அவற்றிற்கு விலை குறிக்கும் வணிகர்களாகவும், பலர் அவற்றை வாங்குவோராகவும் ஆவர் என்பது திண்ணம். பூட்டு ஒன்றைச் செய்யும் நாள் அவர்களுக்கு வருமாயின், கடைசி வரிசையிலிருந்து எழுந்த அக்கேள்வியைச் சற்றே நினைவுகூர்வாராக.